கொஹிமா மேட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போன மாதம் நாகாலாந்தின் கொஹிமா போய்வந்தேன். ஊர் நடுவே ஒரு மேடு, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்று இறந்தவர்களுக்கு அடுக்கடுக்காகக் கல்லறைகள். புல்லைக்கூட முடி திருத்தியதுபோல் வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. என் தாத்தாவின் அண்ணன் ரங்கூனுக்குக் கடை வேலைக்குப் போனவர். அங்கே ஐ.என்.ஏ.வில் (ஜப்பானியரோடு கூட நின்று பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்து இந்திய எல்லைப் பக்கம் நடந்தார் என்பதோடு சேதி நின்றுபோனது. அவரை எதிர்த்துச் சுட்டவர்களுக்குப் பூச்செடி, அவருக்கு ஒரு கல்கூட இல்லை. நேதாஜி படம் மாட்டாத டீக்கடை இல்லாத ஜில்லாவிலிருந்து கேட்கிறேன்: அதைத் தேசிய நினைவிடம் என்று நாம் எப்படிச் சொல்வது?

(பெயர் வேண்டாம்), தேவிபட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

மேட்டின் உச்சிவரை ஏறினீர்களா? பலரும் டென்னிஸ் கோர்ட்டோடு திரும்பிவிடுகிறார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான். 1944 ஏப்ரலில் டெபுடி கமிஷனர் பங்களாவின் அந்தக் கோர்ட்டுக்கு ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, மறுபக்கம் ஜப்பானியர். கையெறி குண்டு வீசும் தூரம்தான். கோர்ட்டின் கோடுகளை இன்றும் வெள்ளையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கும் மேலே, கல்லறைத் தோட்டத்தின் மிக உயரமான இடத்தில் இருப்பது. அங்கே 917 பெயர்கள். எல்லோரும் இந்து, சீக்கியச் சிப்பாய்கள். எரியூட்டியதால் கல்லறை இல்லை, பெயர் மட்டும். கீழே இருக்கும் 1,420 கல்லறைகளிலும் நம் ஆட்கள் உண்டு. அது வெள்ளைக்காரன் மேடு என்று நீங்கள் முடித்துவிட்டது எனக்கு இங்கேதான் இடிக்கிறது.

கூலிக்குச் சண்டை போட்டவர்கள் என்பீர்கள். சரி. உங்கள் தாத்தாவின் அண்ணன் கப்பலேறியதும் பிழைப்புக்குத்தானே? ஐ.என்.ஏ.வின் முதல் ஆட்களே 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள்தான். மலேயா, பர்மா தமிழர்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்தது அப்புறம், நேதாஜி வந்த பிறகு. ஒரே ரெஜிமென்டில் சேர்ந்து சாப்பிட்டவர்கள் எல்லையில் எதிரெதிராக நின்றார்கள். இதில் எந்தப் பக்கத்துப் பெயரை அழித்தால் தேசம் மிஞ்சும்? (இந்தச் சண்டையைத் தாங்கள் கேட்காமலே ஊரை இழந்த நாகர்களைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, நானும் அடைப்புக்குறிக்குள்தான் எழுதுகிறேன்.)

உங்கள் கோபம் சிங்கப்பூர் பக்கம் திரும்பியிருந்தால் நானும் கூட நின்றிருப்பேன். 1945 ஜூலை 8 அன்று அங்கே கடற்கரையோரம் ஐ.என்.ஏ.வில் இறந்தவர்களின் நினைவுத் தூணுக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் அந்தத் தூணை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தோற்றவனின் கல்லுக்குக்கூடப் பயந்திருக்கிறார்கள். அதன் மாதிரி ஒன்று மணிப்பூரில், மொய்ராங்கில் இருக்கிறது. அடுத்த முறை கொஹிமாவோடு நிற்காமல் அங்கேயும் போங்கள். ஆனால் ஒன்று, சிங்கப்பூர்த் தூணும் பெயர் தெரியாத வீரனுக்கு என்று எழுப்பியதுதான். கொஹிமா மேட்டில் பெயர் பெயராகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏங்கியது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

நான் இருக்கும் தங்கச்சிமடத்தில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்குக் கல்லறை ஏது? அந்த வீட்டுப் பெண்கள் நடுவே நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார்கள். போன வருஷம் என் பக்கத்தில் நின்ற அம்மா மெழுகுவர்த்தியை நட்டுவிட்டு, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல் மகன் பெயரைச் சத்தமாக ஒருமுறை சொன்னார். அப்புறம் கிளம்பிவிட்டார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதம் நான்கு பக்கம். உங்கள் பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஆனால் நான்கு பக்கத்திலும் அவர் ‘தாத்தாவின் அண்ணன்’ மட்டும்தான். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இன்றே கேளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், கப்பலேறிய வருஷம், ரங்கூனில் எந்தத் தெருவில் கடை என்று எது கிடைத்தாலும் எழுதி அனுப்புங்கள். இந்தக் கடிதத்துக்குக் கீழேயே போடுகிறேன்.

அன்புடன்.