கைரேகையைக் கொடுத்துவிடுங்கள், பதிலைத் திருத்துங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்கு ஒரு முறை, டே கேர் வேலைக்கு ஒரு முறை, மகன் பள்ளியில் தன்னார்வலராகச் சேர ஒரு முறை, இப்போது சப்ஸ்டிடியூட் டீச்சர் (மாற்று ஆசிரியர்) பர்மிட்டுக்காக மாநில ஆசிரியர் உரிம ஆணையத்துக்கு ஒரு முறை என்று கைரேகை கொடுத்துவிட்டேன். வேலை தரும் பள்ளி மாவட்டம் மறுபடியும் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் பணம், அலைச்சல். குற்றவாளி மாதிரி நடத்துகிறார்கள். மறுக்கலாமா? செலவைத் திரும்பக் கேட்கலாமா? 2011-ல் ஒரு கடையில் சின்ன விஷயத்துக்குக் கைது செய்தார்கள். நோ கான்டெஸ்ட், அதாவது வழக்கை எதிர்க்கவில்லை என்று சொல்லி அபராதம் கட்டினேன். பிறகு வக்கீல் எக்ஸ்பஞ்ச் செய்து, அதாவது பதிவை அழித்துத் தந்தார். அதனால் பர்மிட் விண்ணப்பத்தில் தண்டனை ‘இல்லை’ என்றே போட்டேன். அடுத்த வருடம் சிடிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன்.

பதில்: மறுத்தால் வேலை கிடைக்காது. செலவு நூறு டாலருக்குள் முடிகிற விஷயம், அதற்காகச் சண்டை வேண்டாம். ஒரு அலுவலகத்துக்குக் கிடைத்த குற்றப் பதிவை இன்னொருவரிடம் கொடுக்கக் கூடாது. பெற உரிமை இல்லாதவருக்குத் தெரிந்தே கொடுப்பது கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 11142-ன்படி குற்றம். பின்னாளில் நீங்கள் கைதானால் தகவல் வர வேண்டும் என்பதற்காகவும் ஒவ்வொரு அலுவலகமும் தன் பெயரில் தனி லைவ் ஸ்கேன் (மின்னணுக் கைரேகைப் பதிவு) கேட்கிறது. ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: சில கவுண்டிகளில் பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து, சப்ஸ்டிடியூட் ஆசிரியர்களுக்கு ஒரே இடத்தில் சரிபார்க்க ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. உங்கள் மாவட்டம் அதில் இருந்தால் அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

கைரேகை விஷயம் இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான விஷயம் கடைசியில் சொன்ன அந்த ‘இல்லை’.

எக்ஸ்பஞ்ச் என்று நீங்கள் சொல்வது அநேகமாகத் தண்டனைச் சட்டம் 1203.4-ன் கீழ் வந்த உத்தரவு. அது பதிவை அழிப்பதில்லை. வழக்கு தள்ளுபடி ஆனதாக ஒரு வரி சேரும், அவ்வளவுதான். மாநில உரிமத்துக்கான விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆசிரியர் உரிம விண்ணப்பம், 1203.4-ல் தள்ளுபடியானவை, நோ கான்டெஸ்ட் வழக்குகள், எத்தனை வருடம் பழையது என்றாலும், எல்லாவற்றையும் கேட்கிறது. செவிலியர் உரிமம் வாங்கிய தோழி ‘என்னிடம் கேட்கவே இல்லையே’ என்பார். செவிலியர் உரிமம் போன்றவற்றைத் தரும் வாரியங்களுக்கு 2020 ஜூலையிலிருந்து விதி வேறு. அவர் அனுபவம் உங்களுக்கு உதவாது.

என்னிடம் வருபவர்கள் விழுகிற குழி இதுதான். பழைய சின்னத் திருட்டு வழக்கு ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அதை மறைத்துக் கையெழுத்துப் போட்டதைச் சமாளிப்பது கஷ்டம். விண்ணப்பத்தில் பொய் சொன்னால் பெர்ஜுரி (பொய்ச் சத்தியக் குற்றம்) என்ற உறுதிமொழியின் கீழ்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்கள் லைவ் ஸ்கேன் ஏற்கனவே போய்விட்டது. ஆணையத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வருவதற்கு முன் நீங்களே எழுதினால் அது தவறைத் திருத்தியது. வந்த பிறகு எழுதினால் மாட்டிக்கொண்ட பின் சொன்னது.

வழக்கு நடந்த சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிடம் சான்றிட்ட தீர்ப்பு நகல், 1203.4 உத்தரவு இரண்டையும் இந்த வாரமே வாங்குங்கள். எஃப்.பி.ஐ. பதிவில் கைது மட்டும் இருந்து முடிவு ஏறாமல் கிடப்பது சகஜம். அப்படியிருந்தால் அதைத் திருத்த நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. பதிவு தவறாக இருந்தால்தான் அந்த விதி உதவும், உங்கள் பதில் தவறாக இருந்தால் உதவாது. மாநில நீதித் துறையிடம் உங்கள் சொந்தப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். அதற்கும் ஒரு லைவ் ஸ்கேன் வேண்டும், கொடுங்கள். ஆணையத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். என்ன வழக்கு, என்ன முடிவு, ஏன் தவறாகப் பதில் தந்தீர்கள், அவ்வளவு போதும். கடை காவலாளி எப்படிப் பேசினார், எவ்வளவு அவமானப்பட்டீர்கள் என்பதெல்லாம் அதில் வேண்டாம். படிப்பவருக்கு அது குற்றத்தை ஒப்புக்கொள்ளாதது போலத் தெரியும்.

அப்புறமும் விசாரணை வந்தால், ‘எக்ஸ்பஞ்ச் ஆகிவிட்டதே’ என்று வாதாடாதீர்கள். இறங்கிப் போங்கள். சமரசமாக முடிக்க வழி தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்பு உத்தரவு வந்தால் அது மற்ற மாநில உரிம அமைப்புகளும் பார்க்கும் தேசியப் பட்டியலில் ஏறும். நாளை டெக்சாஸ் போனாலும் கூடவே வரும்.

இனி சிடிசன்ஷிப். குடியேற்றச் சட்டத்தில் 1203.4 தள்ளுபடிக்கு மதிப்பில்லை, அது தண்டனையாகவே நிற்கும். சிடிசன்ஷிப்புக்கான என்-400 படிவம் எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கும், பதிவு அழிக்கப்பட்டிருந்தாலும் சொல்லச் சொல்லும். சின்னத் திருட்டு ஒன்றே ஒன்று, ஐந்து வருடத்துக்கும் முந்தையது என்றால் பெரும்பாலும் அது மட்டுமே தடையாகாது. சத்தியம் செய்து நேர்காணலில் ‘இல்லை’ என்றால் தடையாகலாம்.

கிரீன் கார்டு எந்த வருடம் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 2011-க்குப் பிறகு என்றால் பழைய விண்ணப்பத்தின் நகலை இன்றே எடுத்துப் பாருங்கள். அதிலும் கைது ‘இல்லை’ என்றிருந்தால், என்-400 அனுப்பிய நாளே உங்கள் கிரீன் கார்டையே கேள்விக்குள்ளாக்கும் கோப்பை நீங்களே திறந்து வைத்ததாகும். அந்த நிலையில் குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள், இந்தியப் பயணம் இருந்தால் தள்ளிவையுங்கள். ஆணையத்துக்கு எழுதும் கடிதத்தையும் அவரிடம் காட்டிவிட்டே அனுப்புங்கள், இரண்டு கோப்புகளிலும் சொல்வது ஒன்றாக இருக்க வேண்டும்.

பள்ளி மாவட்டத்துக்கு இந்த வாரமே கைரேகை கொடுத்துவிடலாம். ஆனால் அவர்கள் தரும் வேலை விண்ணப்பத்திலும் இதே கேள்வி இருக்கலாம். கோர்ட் நகல் கையில் வரும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.