வித்துகள் நூற்புழுவில் ஒட்டவில்லை

பயிர் வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீரில், அந்தப் புழுவில் ஒட்டுண்ணியாக வாழும் பாக்டீரியாவான பாஸ்டியூரியா பெனட்ரன்ஸின் வித்துகளை (ஸ்போர்) 1 மில்லிக்கு 1,00,000 போட்டும், 24 மணி நேரம் கழித்து இளம்புழுக்கள் எதுவும் ஒட்டாமல் வெறுமையாகவே இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில், கிண்ணத்தை அசைக்காமல் வைத்தீர்களா? இந்த வித்துக்கு நீந்தத் தெரியாது. அடியில் படிந்துவிட்டால் புழுவாக வந்து மோதினால்தான் உண்டு. மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள். அவசரமென்றால் சென்ட்ரிபியூஜில் 9,500 மடங்கு ஈர்ப்பு விசையில் 2 நிமிடம் சுழற்றினால் போதும்.

அதிலும் ஒட்டாவிட்டால் பொருத்தம்தான் சிக்கல். வித்தைச் சுற்றியுள்ள கொலாஜன் போன்ற நுண்ணிழைகள் புழுவின் மேல்தோலைப் பற்றிக்கொள்கின்றன; மேல்தோல் புழுவுக்குப் புழு மாறும். ஒரே இனத்துக்குள்கூட ஒரு கூட்டத்தில் ஒட்டுவது இன்னொன்றில் ஒட்டாது. ஆகவே அந்த வித்து எந்தப் புழுவிலிருந்து வந்ததோ அதே புழுவின், பொரிந்து ஓரிரு நாளே ஆன இளம்புழுக்களில் சோதியுங்கள்.

நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால், ஒட்டிய வித்து புழுவின் ஓரத்தில் சின்னத் தட்டைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் தெரியும். ஒரு புழுவுக்கு 5 முதல் 10 வித்து போதும். மேலெல்லாம் அப்பிக்கொண்டால் புழு நகர முடியாமல் வேருக்குள்ளேயே போகாது. போகாவிட்டால் புழு வளராது; அதன் உடலுக்குள் வித்து பெருகவும் வழியில்லை.