எண்ணெய்ப் பதிவேட்டில் கையெழுத்து

கேள்வி: கடல்சார் பொறியியல் மாணவர்களுக்கு இயந்திரமும் கணக்குமே தலைக்கு மேல் கிடக்கும்போது, தொழில் அறநெறியையும் தனிப் பாடமாகத் திணிக்கத்தான் வேண்டுமா?

பதில்: தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் விளக்கங்களாக நடத்துவதானால் வேண்டாம் என்பதே என் கருத்து. இயந்திர அறைப் பாடத்துக்குள்ளேயே அதற்கு இடமிருக்கிறது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் ‘மார்போல்’ என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி, கப்பலின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த கழிவுநீரைப் பிரிப்பான் வழியே செலுத்தி, எண்ணெயின் அளவு பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மிகாதபோதுதான் கடலில் விடலாம். அவ்வாறு வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் பொறுப்பு அதிகாரி எண்ணெய்ப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பிரிப்பானைத் தவிர்த்துக் கழிவை நேரே கடலுக்குத் தள்ளும் கள்ளக் குழாய்க்கு ‘மேஜிக் பைப்’ என்று பெயரே உண்டு. பிரிப்பான் இயங்கும் விதத்தை விளக்கும் அதே வகுப்பில், தலைமைப் பொறியாளர் அந்தக் குழாயைப் பொருத்தச் சொன்னால் இளையவர் எந்தச் சொற்களில் மறுப்பார், மறுத்த பின் கரையிலுள்ள நிறுவனப் பொறுப்பாளருக்கு எப்படி எழுதுவார் என்று நடித்துப் பார்க்கச் செய்யலாம். முதலில் மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எழுதினால் மட்டும் போதுமா என்பதும் நியாயமான ஐயமே. 1987-இல் முகப்புக் கதவு மூடப்படாமல் புறப்பட்ட ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற பயணிகள், வாகனக் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். கதவின் நிலையைக் காட்டும் விளக்கு வேண்டுமென்று அதற்கு முன்பே எழுப்பப்பட்ட கோரிக்கையை நிர்வாகம் பொருட்படுத்தவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. ஆகவே, நாளை நிர்வாகத்தில் அமரப்போகும் மாணவருக்கு, கீழிருந்து வரும் எச்சரிக்கைக் கடிதத்தைப் படித்து முறையாகப் பதிலெழுதும் பயிற்சியையும் அளிக்க வேண்டும்.