நெல்லைப் பக்கத்து அரண்மனைகளையும் பழைய ஊர்களையும் கைடு வைத்து ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து பெரியவர்கள், பிள்ளைகளோடு வருகிறாராம். பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நெற்கட்டும்செவல், சிங்கம்பட்டி, கல்லிடைக்குறிச்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் கைடோடு காட்டுவதாக ஒரு டூர்காரர் சொல்லியிருக்கிறார். நம்பிப் போகலாமா என்று கேட்கிறார்.

சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதும். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பாஞ்சாலங்குறிச்சி கிழக்கே, தூத்துக்குடிப் பக்கம். சிங்கம்பட்டி மேற்கே, மலையடிவாரம். நெற்கட்டும்செவல் வடமேற்கே, சங்கரன்கோவிலுக்கும் அந்தப் பக்கம். பழைய திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்தன. உங்கள் டூர்காரர் மூன்று மாவட்டத்தையும் ஒரே பகலில் சுற்றப் பார்க்கிறார். வண்டியில் உட்கார்ந்தே பொழுது போய்விடும். இறங்கிய இடத்தில் போட்டோ எடுக்கத்தான் நேரம் இருக்கும். கிழக்கே கரிசல் பக்கமா, மேற்கே தாமிரபரணி ஆற்றங்கரையா என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராஜஸ்தான் கோட்டை மாதிரி எதையும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நம் பாளையக்காரர்கள் கட்டியதெல்லாம் பெரும்பாலும் மண் கோட்டைகள்தான். மண்தானே என்று நினைத்து வந்த கும்பினிப் பட்டாளம் (கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) பாஞ்சாலங்குறிச்சியில் பட்ட பாடு ஊரறிந்தது. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கும்பினித் தளபதி பானர்மேன் உத்தரவு போட்டான். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த கோட்டையை மறுபடி எழுப்பினான். அதையும் பிடித்த பிறகு தரைமட்டமாக்கி உழுதே போட்டார்கள். அதனால்தான் இந்தப் பக்கம் கோட்டை என்று பெயர் இருக்கும், மதில் இருக்காது.

இப்போது பாஞ்சாலங்குறிச்சியில் நிமிர்ந்து நிற்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பலர் அதையே அசல் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அசல் பக்கத்திலேயே இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில், தரையோடு தரையாக, அறை அறையாகச் சுவர்களின் அடிப்பகுதி மட்டும் தெரியும். எனக்கு இதுதான் பெரிய காட்சி. பெரிய மாளிகையாகக் கற்பனை பண்ணி வைத்திருந்த இடம் எவ்வளவு சிறியது என்பதை அங்கே நடந்து பார்த்தால்தான் தெரியும். ஜக்கம்மா கோயிலையும் பார்த்துவிடுங்கள்.

கரிசல் பக்கம்தான் என்று முடிவானால் கயத்தாறு, கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி என்று ஒரு சுற்று. கயத்தாறு நெடுஞ்சாலையிலேயே வரும், அதிக நேரம் வேண்டாம். கழுகுமலையில் வெட்டுவான் கோயிலுக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை சூடேறிவிடும், பெரியவர்களால் நடக்க முடியாது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து பாதியில் விட்டிருக்கிறார்கள். விமானம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை.

எட்டயபுரத்துக்குத்தான் நான் நேரம் கூடுதலாக ஒதுக்குவேன். எட்டப்பன் என்று திட்டிவிட்டு இந்த ஊரைக் கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பாரதி 1882-ல் பிறந்த வீடு இங்கேதான். பாரதி என்ற பட்டம் கிடைத்ததும் இந்த ஊரில்தான். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் இங்கேதான் மறைந்தார், சமாதி இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் தர்காவும் இங்கேதான். தீட்சிதர் கீர்த்தனைகளை ஸ்வரத்தோடு தொகுத்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளியிட்டது இந்த சமஸ்தானத்தின் ஆதரவில். காட்டிக்கொடுத்தவன் என்ற ஒரே கதையில் ஊரையே அடக்கிவிட்டால் இதெல்லாம் எங்கே போகும்? அரண்மனை தனியார் சொத்து. வாசலில் கேட்டுப் பாருங்கள், விட்டால் உண்டு, இல்லையென்றால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள்.

சரி, ஆற்றங்கரைப் பக்கம். பிள்ளைகளும் பெரியவர்களும் வருவதால் உங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, ஊருக்கு ஊர் தூரமும் குறைவு. பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று அம்பாசமுத்திரம் போகும் ரோட்டிலேயே எல்லாம் வரிசையாக வரும்.

வீரவநல்லூரிலிருந்து திருப்புடைமருதூருக்குத் திரும்புங்கள். தாமிரபரணியும் கடனாநதியும் கூடும் இடம். கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் முதல் வேலையாக இதை வையுங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே ஐந்து நிலை, உள்ளே மரத் தூண்கள், மர விதானம், சுவரெல்லாம் ஓவியம். மேலே ஏற அனுமதி வேண்டும், முன்னாடியே கோயிலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டார்ச் கொண்டு போங்கள். வௌவால் வாடையும் இருட்டும் முதலில் கொஞ்சம் திணறடிக்கும். அப்புறம் வெளிச்சம் பட்ட இடத்தில் குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஒன்று தெரியும். பாய்மரம், வரிசையாகக் குதிரைத் தலைகள், ஆட்கள். கடலையே பார்க்காத இந்த ஊர்க் கோபுரத்தில் கப்பல்! பிள்ளைகள் அதை விட்டு இறங்க மாட்டார்கள். படி ஏற முடியாதவர்கள் படித்துறையில் உட்கார்ந்து மருத மரங்களில் வந்து அடையும் பறவைகளைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் காப்பாற்றிய அந்தப் பறவைகளுக்காகத்தான் 2005-ல் இந்த இடம் நாட்டின் முதல் ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ (பாதுகாப்புக் காப்பகம்) என்று அறிவிக்கப்பட்டது.

கல்லிடைக்குறிச்சியில் அக்ரகாரத் தெருக்கள், அப்பளம், லட்சுமி வராகர் கோயில். குலசேகரமுடையார் கோயிலில் 1982-ல் திருட்டுப் போன நடராஜர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றில் இருந்து 2019-ல் திரும்பி வந்தார். அந்தக் கதையைக் கோயிலில் கேளுங்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

அடுத்து சிங்கம்பட்டி. மணிமுத்தாறு போகும் வழி. பட்டம் கட்டிய ராஜாக்களில் கடைசியாக இருந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அவர் தரிசனம் கொடுப்பதைப் பார்க்கவே அப்போதெல்லாம் கூட்டம் கூடியது. அரண்மனை குடும்பத்தார் சொத்து என்பதால் யார் மூலமாவது முன்கூட்டிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டூர்காரர் கட்டாயம் காட்டுவேன் என்றால் எப்படி என்று கேளுங்கள்.

அங்கே கேட்டு வர வேண்டிய கதை ஒன்று உண்டு. சென்னையில் ஜமீன் வாரிசுகள் தங்கிப் படித்த நியூவிங்டன் பள்ளியின் ஆங்கிலேயத் தலைவர் 1919-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கம்பட்டி, கடம்பூர் இளவரசர்கள் இருவர் பெயரும் அந்த வழக்கில் அடிபட்டது. கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் வழக்கில் ஏறிய கடன்தான் மலையையே குத்தகைக்கு விட வைத்தது என்று ஊரில் சொல்வார்கள். 1929-ல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் வந்த கதை இதுதான். ஜமீன் ஒழிந்த பிறகும் ஓடிய அந்தக் குத்தகைக்கு 2028 வரை கணக்கு.

இப்போது கைடு விஷயம். நாள் முழுக்க ஒரே ஆளை வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. டவுனிலிருந்து வருகிறவர் எல்லா ஊரிலும் மனப்பாடமாக ஒரே பாட்டைப் பாடுவார், மத்தியானத்துக்கு மேல் அவரே களைத்துவிடுவார். ரோடு தெரிந்த டிரைவர் இருந்தால் போதும். ஒவ்வொரு ஊரிலும் இறங்கி டீக்கடையில், “அண்ணாச்சி, பழைய ஆளுக யாராவது இருந்து கதை சொல்லுவாங்களா?” என்று கேளுங்கள். “நம்ம மாமா இருக்காரு, இருங்க கூப்பிடுதேன்” என்று யாராவது எழுந்து போவார்கள். வருகிறவர் சொல்வதில் பாதி வரலாறு, பாதி அவர் தாத்தா சொன்னது. இரண்டும் வேண்டும். கிளம்பும்போது கையில் ஏதாவது கொடுங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

திரும்பும்போது பத்தமடை. பாய் நெய்கிறவர்கள் வீட்டில் வைத்துத்தான் நெய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அதனால் உங்கள் வீட்டுப் பெண்கள் முன்னே போய், “அக்கா, பார்க்கலாமா?” என்று கேட்பது நல்லது. ஆற்றங்கரைக் கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துக் கீறுகிறார்கள். தரையோடு கட்டிய பாவு நூலுக்குள் அந்த இழையைக் கோத்து வாங்கும் கை வேகத்தை நின்று பாருங்கள். நயமான பாயைப் பட்டுப் பாய் என்பார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்து தருவார்கள், அதற்கு வாரக்கணக்கில் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும்.

நெற்கட்டும்செவலை இந்த இரண்டிலும் சேர்க்காதீர்கள். பூலித்தேவன் நினைவு மாளிகை, பிறகு அவர் மறைந்து போனதாகச் சொல்லும் இடம் இருக்கும் சங்கரன்கோவில் கோயில் என்று அதற்கு இன்னொரு நாள் வேண்டும். தென்காசி, குற்றாலம் போகிற திட்டம் இருந்தால் அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.