வாசகர் கேள்வி: சின்ன பி.எம்.டபிள்யூ. வாங்கலாமா?

போன இதழில் பி.எம்.டபிள்யூ. 2 சீரிஸ் கிரான் கூப்பே என்ற நான்கு கதவு சின்ன கார் பற்றி நான் எழுதிய நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதன் பெட்ரோல் மாடலான 220ஐ ஒன்றை 2021-இல் வாங்கி நானே வைத்திருக்கிறேன், அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: பட்ஜெட் 28 லட்சம். 2021 மாடல் 220ஐ ஒன்று, 42,000 கி.மீ. ஓடியது, அந்த விலைக்கு வருகிறது. வீட்டில் புது ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜி.டி. வாங்கு என்கிறார்கள். எனக்கு மனசு பி.எம்.டபிள்யூ. பக்கம்தான். என்ன செய்யலாம்? (சிங்கபெருமாள் கோவில் வாசகர்)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, மகேந்திரா சிட்டியில் இருக்கும் பி.எம்.டபிள்யூ. ஆலையில்தான் அந்த 220ஐ பூட்டப்பட்டது. 2007-இல் தொடங்கிய ஆலை அது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

220ஐ-யில் இருப்பது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 190 குதிரைத்திறன், 100 கி.மீ. வேகத்தைத் தொட 7.1 நொடி. விர்டஸ் ஜி.டி.யின் 1.5 லிட்டர் எஞ்சின் 150 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும், அதுவும் திண்டிவனம் தாண்டி லாரியை ஓவர்டேக் செய்யும்போது காலை லேசாக அழுத்தினாலே வண்டி முன்னால் போய் நிற்கும், அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2025 ஜூலையில் வந்த, இதே காரின் புதுத் தலைமுறையான 218 மாடலைப் பாருங்கள்: 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 156 குதிரைத்திறன், வந்தபோது எக்ஸ்ஷோரூம் விலை (பதிவும் இன்ஷூரன்ஸும் சேராதது) 46.90 லட்சம். எஞ்சின் பலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் விர்டஸுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஓட்டுவதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பழைய 220ஐ-தான் என் தேர்வு, புது 218 இல்லை.

இப்போது உங்கள் கணக்கு. 28 லட்சம் கையில் இருந்து 28 லட்சத்துக்கும் வண்டி வாங்குவதென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். வண்டி பழசாகி விலை குறைந்துவிட்டது, ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலை குறையவில்லை, பிரேக் டிஸ்க்கும் பேடும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் இன்றைக்கும் நாற்பது லட்ச ரூபாய் வண்டியின் விலையில்தான் வரும். 25-க்குள் பேசி முடியுங்கள், மீதி மூன்று லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அது இருப்பதையே மறந்துவிடுங்கள். பேரம் படியவில்லையா, விர்டஸையே வாங்குங்கள். அதுவும் நல்ல வண்டிதான், நிம்மதியாகத் தூங்கலாம்.

பார்க்கப் போகும்போது முதலில் டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரான டயர். நான்கு டயரிலும் நான்கு வேறு எண்கள் இருந்தால் அந்த வண்டி நிறையப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு வரலாறும் வாங்குங்கள், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் சேர்த்து. பேட்டரி மாற்றியிருந்தால் புது பேட்டரியை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள், வெளியில் மாற்றுபவர்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க விற்பவர் யோசித்தால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வந்துவிடலாம்.

கே: புதுச்சேரியில் பதிவு செய்தால் பல லட்சம் மிச்சம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? (வில்லிவாக்கம் வாசகர்)

வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம், அதாவது 46.90 லட்சம் வண்டிக்கு ஒன்பது லட்சத்துக்கும் மேல். வலிக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் வசிப்பது வில்லிவாக்கத்தில். புதுச்சேரியில் இல்லாத வீட்டைக் காட்டிப் பதிவு செய்வது பொய் ஆவணம், நாளைக்கு விபத்தோ வழக்கோ என்று வந்தால் அந்த முகவரி உங்களுக்கே எதிராக நிற்கும். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி மறுபதிவு செய்தே ஆக வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும். டெல்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலிவாக வரும் பழைய வண்டிகளுக்கும் இதே கணக்குதான், அந்த வரியைச் சேர்த்தபின் மலிவா என்று பாருங்கள்.

கே: ரன்ஃபிளாட் டயர் கல்லு மாதிரி இருக்கிறது, சாதாரண டயர் போட்டுக்கொள்ளலாமா? (சேலம் வாசகர்)

காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர்தான் ரன்ஃபிளாட். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், நான் பட்டதால்.

இரண்டு வருடம் முன்பு ராத்திரி பத்தரை மணி, பெரம்பலூர் பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கும் இடத்தில் தார் பெயர்ந்து ஒரு விளிம்பு நின்றிருந்தது. இடது முன்சக்கரம் அதில் மோதிய சத்தம் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு ஏறியது. இறங்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் டயர் நிமிர்ந்துதான் நிற்கிறது, பக்கவாட்டில் விரலைத் தடவினால் ஒரு நகம் நுழையும் அளவுக்குக் கிழிசல், உள்ளே காற்று சுத்தமாக இல்லை. காற்று இல்லாமலே 80 கி.மீ. வேகத்துக்குள், 80 கி.மீ. தூரம் வரை போகலாம் என்பதுதான் இந்த டயரின் ஏற்பாடு. பின்சீட்டில் மனைவியும் பெண்ணும் தூக்கத்தில். ஐம்பதைத் தாண்டாமல் திருச்சி வரை போய்ச் சேர்ந்தோம். சாதாரண டயராக இருந்திருந்தால் அந்த இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாள்தான் கஷ்டம் தெரிந்தது. 225/40 ஆர்18 அளவில் ரன்ஃபிளாட் அந்த ஊரில் நான் ஏறி இறங்கிய கடை எதிலும் இல்லை, சென்னையிலிருந்து வரவழைக்க இரண்டு நாள், ஒரு டயருக்கு இருபதாயிரத்துக்கு மேல். பக்கவாட்டுக் கிழிசலுக்கு எந்தப் பஞ்சர் கடையிலும் வைத்தியம் கிடையாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதாரண டயர் போட்டால் வேகத்தடையிலும் கான்கிரீட் ரோட்டிலும் வண்டி நிச்சயம் மிருதுவாகும். ஆனால் மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் லோடு எண்ணும், எவ்வளவு வேகம் தாங்கும் என்று காட்டும் வேக எழுத்தும் கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு காம்பாக்ட் ஸ்டெப்னிக்கு வழி செய்துகொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் என்றால் மாற்றுங்கள். ராத்திரி நெடும்பயணம் அதிகம் என்றால் நான் ரன்ஃபிளாட்டோடுதான் இருப்பேன், டயருக்குத் தனி இன்ஷூரன்ஸ் கவரும் எடுத்துக்கொண்டு.

கே: வேளச்சேரியில் இருக்கிறேன். இந்த வண்டிக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர் கவரை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். உங்கள் ஊருக்கு அதைவிட முக்கியம் எஞ்சின் பாதுகாப்பு கவர். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தண்ணீர் எஞ்சினுக்குள் போன பிறகு ஸ்டார்ட் செய்தால், காற்று அமுங்குவது போலத் தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும், அந்தச் செலவைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. வண்டி மூழ்கியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள், பேட்டரியைக் கழற்றச் சொல்லி, மேலே தூக்கி வைத்துக் கொண்டுபோகும் டோ வண்டியை வரவழையுங்கள். பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பான ஐ.டி.வி.யைக் குறைத்து பிரீமியத்தை மிச்சம் பிடிக்கவும் வேண்டாம், வண்டி மொத்தமாகப் போனால் கையில் கிடைப்பது அந்தத் தொகைதான்.

கே: பி.எம்.டபிள்யூ. என்றாலே பின்சக்கர டிரைவ் என்று நினைத்தேன். இது முன்சக்கரமாமே? வாங்கிவிட்டு ஏமாறுவேனா? நான் வேகமாக ஓட்டப் பிடித்தவள். (கோவை வாசகி)

ஆமாம், எஞ்சின் பலம் முன்சக்கரங்களுக்குப் போகும் முன்சக்கர டிரைவ்தான், 3 சீரிஸ் போலப் பின்சக்கரம் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். வளைவு முடியும் முன்பே ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் முன்சக்கரம் லேசாக வெளியே தள்ளும், கொஞ்சம் பொறுத்துக் கொடுத்தால் நூல் பிடித்த மாதிரி போகும். இரண்டு நாள் ஓட்டினால் கை பழகிவிடும். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் கியரைக் கையால் குறைத்துக்கொள்ளுங்கள், அடிவாரத்தில் டிஸ்க் கொதிக்காமல் இருக்கும்.

வேகத்துக்கு வால்பாறை ரோடு வேண்டாம். அங்கே எதிரில் அரசுப் பேருந்து வரும், சில நேரம் யானை வரும். உங்கள் ஊர் செட்டிபாளையத்திலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, நம் வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் டிராக் டே நடக்கும்போது ஹெல்மெட்டோடு போய் ஆசை தீர ஓட்டுங்கள். சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை. போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். டிராக்கில் நடக்கும் சேதத்துக்கு வழக்கமான பாலிசி பணம் தராது என்பதையும் மனதில் வையுங்கள்.

கே: இ20 பெட்ரோல் வந்தபின் மைலேஜ் குறைந்துவிட்டது. வண்டியில் கோளாறா?

இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-யில் ஆறேழு சதவீதம் குறைவது இயல்பு. எனக்கு லிட்டருக்கு ஊருக்குள் எட்டு, ஒன்பது கி.மீ., ஹைவேயில் பதினான்கு கிடைக்கிறது. அதைவிடக் கடுமையாக விழுந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். உங்கள் வண்டி எதுவரை தாங்கும் என்பது பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும் கையேட்டிலும் எழுதியிருக்கும்.

கே: எனக்கு 61 வயது, போன மாதம்தான் ரிட்டையர் ஆனேன். கடன் இல்லை. வாழ்நாள் முழுக்க சின்ன காரே ஓட்டியவன். இதை வாங்கலாமா, இந்த வயதில் தேவையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகர்)

ஐயா, பணம் உங்களுடையது, கடனும் இல்லை, ஓட்டும் ஆசையும் இருக்கிறது. தாராளமாக வாங்கலாம். நான் கேட்பது வேறு: உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த வண்டியின் சீட் தாழ்வு, கூரை பின்னால் சரிந்து இறங்கும். பின்சீட்டில் ஏறும்போது தலையைக் குனிந்தாக வேண்டும், உங்கள் வீட்டம்மாவுக்கு அது தினமும் சிரமமாகிவிடக் கூடாது. சர்வீஸ் சென்டர் உங்களுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போய்விடும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடித்துவிடாதீர்கள். வண்டியை உங்கள் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தெருமுனை வேகத்தடையைத் தாண்டுங்கள், வீட்டு வாசல் சரிவில் ஏற்றி, அடியில் உரசுகிறதா என்று ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகு வீட்டம்மாவைப் பின்சீட்டிலிருந்து தானாக இறங்கச் சொல்லிப் பாருங்கள்.