கூகைக் கூட்டைக் கவனிப்பது எப்படி?

கேள்வி: அல்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழாய்கள் செல்லும் டக்டில், ஐந்தாம் மாடி உயரத்தில், இரண்டு கூகைகள் தங்கியிருக்கின்றன. இரவு முழுவதும் சீறல் போன்ற சத்தம் கேட்கிறது. கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று என் மாமியார் அஞ்சுகிறார். சங்கத்தில் சிலர் வலை அடித்து மூடிவிடலாம் என்கிறார்கள். என் மகளோ கூட்டைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்ய விரும்புகிறாள். எப்படித் தொடங்குவது? இனப்பெருக்கம் வெற்றி பெற்றதை எதை வைத்துச் சொல்வது?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: முதலில் வலை அடிக்கும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே குஞ்சுகள் இருக்கும்போது வழியை அடைத்தால் அவை பட்டினியால் சாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவது குற்றமும் ஆகும். நீங்கள் கேட்கும் சீறல் பெரும்பாலும் பசித்த குஞ்சுகள் இரை கேட்கும் ஒலி என்பதையும், அவற்றுக்குப் பெற்றோர் கொண்டுவருவது நம் குப்பைத்தொட்டிகளைச் சுற்றித் திரியும் எலிகளையும் மூஞ்சூறுகளையும்தான் என்பதையும் உங்கள் மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சிறு வயதிலிருந்து பழகிய அச்சம் வாதத்தால் போகாது. ஒரு மாலை உங்களுடன் நின்று பார்க்க அவரையும் அழையுங்கள்.

கூகை சுள்ளி சேர்த்துக் கூடு கட்டுவதில்லை. இருண்ட பொந்தோ பரணோ கிடைத்தால், செரிக்காத எலும்பும் மயிருமாகத் தான் கக்கிய உருண்டைகள் நொறுங்கிக் கிடக்கும் தரையிலேயே முட்டையிடும். பொதுவாக நான்கு முதல் ஏழு முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடும் பெண் பறவை, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்குவதால், ஒரு மாதத்துக்குப் பின் குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிகின்றன. எனவே மூத்ததற்கும் கடைசிக் குஞ்சுக்கும் இரண்டு வார வயது வேறுபாடுகூட இருக்கலாம். இரை குறைந்தால் முதலில் மடிவது கடைசிக் குஞ்சுதான். ஆனாலும் இது வெறும் போட்டி அல்ல. சுவிட்சர்லாந்தில் அலெக்சாந்தர் ரூலின் குழுவினர் செய்த ஆய்வுகள், பெற்றோர் வருவதற்கு முன்பே குஞ்சுகள் ஒலியெழுப்பித் தம் பசியை ஒன்றுக்கொன்று தெரிவிக்கின்றன என்றும், அதிகம் பசித்ததற்கு மற்றவை விட்டுக்கொடுப்பதுண்டு என்றும் காட்டியுள்ளன. எத்தனை பொரித்தன என்பதை அல்ல, ஏறத்தாழ எட்டு வாரத்தில் எத்தனை பறந்தன என்பதையே வெற்றியாகக் கொள்ள வேண்டும்.

டக்டின் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவே கூடாது. அடைகாக்கும் பறவை கலைந்து பகலில் வெளியே வந்தால் காகங்கள் கூட்டமாகச் சூழ்ந்து துரத்தும். எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து பைனாகுலர் வழியாக, சூரியன் மறைந்ததிலிருந்து ஒரு மணி நேரம், வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். விளக்கும் ஃபிளாஷும் வேண்டாம். தேதி, நேரம், இரை எத்தனை முறை வந்தது, விளிம்பில் எத்தனை குஞ்சுகள் தெரிந்தன ஆகியவற்றை எழுதி வரட்டும். ஒன்றும் தெரியாத நாளையும் எழுத வேண்டும். இதய வடிவ முகம் தெளிவாகத் தெரிந்து, உடலில் இன்னும் வெண்தூவி மிச்சமிருக்கும் ஐந்து, ஆறு வாரப் பருவத்தில் எண்ணும் எண்ணிக்கை, பெரும்பாலும் பறக்கப் போகும் எண்ணிக்கைக்கு நெருக்கமாக இருக்கும்.

உங்கள் மகள் மறக்காமல் குறிக்க வேண்டியது, கூட்டை முதலில் கண்ட தேதி. நகரத்தில் குஞ்சுகள் கத்தத் தொடங்கிய பிறகே கூடுகள் நம் கவனத்துக்கு வருகின்றன. முட்டை நிலையிலேயே அழிந்தவை யாருக்கும் தெரியாமல் போகின்றன. அதனால் கண்ட கூடுகளில் எத்தனை தேறின என்று மட்டும் எண்ணினால் வெற்றி மிகையாகத் தெரியும். இதற்கு 1961இல் ஹெரால்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் ஒரு வழி சொன்னார்: கூடுகளின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அவை கவனிப்பில் இருந்த நாள்களையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். நான்கு கூடுகளை மொத்தம் 200 நாள் கவனித்ததில் இரண்டு அழிந்தன என்று வைத்துக்கொள்வோம். நேரடிக் கணக்கில் வெற்றி 50 விழுக்காடு. மேஃபீல்ட் முறையில், 200 நாளில் இரண்டு இழப்பு என்பது நாளொன்றுக்கு 0.01; எனவே ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 0.99, முதல் முட்டையிலிருந்து மூத்த குஞ்சு பறக்கும் வரை 85 நாள் என்று கொண்டு, 0.99ஐ 85 முறை பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 43 விழுக்காடு. ஒரே கூட்டை வைத்து இதைச் செய்ய முடியாது என்பதால், பிற குடியிருப்புகளில் கவனிப்பவர்களோடு குறிப்புகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. தோற்றுப்போன கூட்டின் குறிப்பும் அதில் இருந்தாக வேண்டும். ஆனால் கட்டடத்தின் பெயரை வெளியில் சொல்லாதீர்கள். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தை, கூகைகளைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கூட்டின் கீழே கறுப்பு உருண்டைகள் கிடக்கின்றன. அவை எச்சமா? குடியிருப்பில் எலி மருந்தும் வைக்கிறார்கள். அது கூகையைப் பாதிக்குமா?
– ஒரு வாசகர், பானசவாடி

பதில்: எச்சமல்ல, செரிக்காத எலும்பையும் மயிரையும் கூகை வாய்வழி கக்கிய உருண்டைகள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிரித்தால் தாடைகள் முழுதாகக் கிடைக்கும். முன்பற்கள் மஞ்சளாகவும், அவற்றுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இடைவெளியுடனும் இருந்தால் எலி. கூரிய வெண்பற்கள் இடைவெளியின்றி இருந்தால் மூஞ்சூறு. எலி மருந்து மிகவும் கவலைக்குரியது. புரோமடையலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தளர்ந்து திரியும் அந்த எலியைக் கூகை எளிதில் பிடித்துவிடுகிறது, நஞ்சு கூகையின் ஈரலில் சேர்கிறது. கூடு இருக்கும் வளாகத்தில் எலிப்பொறியை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: குஞ்சு கீழே விழுந்தால் பெற்றோர் வந்து ஊட்டுமா?
– ஒரு வாசகர், சிவாஜிநகர்

பதில்: தரையில் கிடக்கும் குஞ்சுக்குக் கூகைகள் பெரும்பாலும் இரை கொடுப்பதில்லை. காயமில்லாத குஞ்சைக் கூட்டுக்குள்ளேயே திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டதற்காகப் பெற்றோர் அதை ஒதுக்கா. காயமிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், பாலோ சோறோ கொடுக்காமல், இருட்டாக வைத்து, வனத்துறைக்கோ கெங்கேரியில் உள்ள வனவிலங்கு மருத்துவமனைக்கோ உடனே தெரிவியுங்கள்.