சோமாலியாவில் பாலைநிலத்தைத் தவிர வேறு இயற்கை அழகு உண்டா?

சோமாலியா முழுவதும் வறண்ட நிலம்தானே, அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையான ‘ஆப்பிரிக்கக் கொம்பு’ பகுதியின் பறவைகளைப் பற்றி நெடுநாளாகப் படித்துவரும் எனக்கு, இக்கேள்விக்கு முதலில் நினைவுக்கு வருவது வடக்கே சனாக் பகுதியில் ஏடன் வளைகுடாவைப் பார்த்து நிற்கும் அல் மதோ மலைத்தொடர்தான். 2,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிம்பிரிஸ் சிகரம் இங்கேதான் இருக்கிறது.

இம்மலைக்கு உயிர் கொடுப்பதில் மழைக்கு நிகரான பங்கு மூடுபனிக்கும் உண்டு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று செங்குத்தான வடக்குச் சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து பனியாகப் படிவதால், கீழே கடற்கரை வறண்டு கிடக்க, எரிகாவோ நகருக்கு வடக்கிலுள்ள டாலோ காட்டில் ஜூனிப்பர் மரங்கள் கிளைகளில் மரப்பாசி தொங்கச் செழித்து நிற்கின்றன. அக்காட்டைத் தாண்டிய மலைவிளிம்பிலிருந்து கடல் வரை நிலம் சரிந்து இறங்கும் காட்சிக்கு ஈடாக அந்நாட்டில் வேறொன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வார்சங்கிலி லின்னெட் என்னும் சிறு குருவி உலகிலேயே சனாக் மலைகளில் மட்டும்தான் வாழ்கிறது. 1919இல்தான் அறிவியல் உலகம் அதை அறிந்தது. இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனம். பாறைச் சரிவுகளில் பெய்ரா என்னும் சிறிய மான் உண்டு. பெரிய காதுகளும், கூழாங்கற்களின் மேல் வழுக்காமல் ஓட உதவும் மெத்தென்ற குளம்படியும் கொண்ட அது, வடக்குச் சோமாலியாவையும் அதை ஒட்டிய ஜிபூட்டி, எத்தியோப்பியப் பகுதிகளையும் தவிர வேறெங்கும் இல்லை. ஹமத்ரியாஸ் பபூன் குரங்குகளும் இம்மலைகளில் திரிகின்றன.

தாழ்ந்த சரிவுகளில் நறுமணப் பிசின் தரும் குந்திரிக்க மரங்கள் வளர்கின்றன. அவற்றுள் 'மைதி' என்று சோமாலியர் அழைக்கும் பிசினைத் தரும் வகை, பருத்த அடிமரத்தால் வெறும் பாறையைப் பற்றிக்கொண்டே வளர்கிறது. பட்டையைச் சீவிவிட்டு, வடியும் பால் இறுகியபின் சுரண்டி எடுக்கிறார்கள். காயம் ஆற மரத்துக்கு ஓய்வு தருவது பழைய வழக்கம். வெளிநாடுகளில் நறுமண எண்ணெய்க்குத் தேவை பெருகியதால் ஓய்வின்றிச் சீவப்படும் மரங்கள் நலிந்து பட்டுப்போவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. மேலே ஜூனிப்பர் காடும் மரவெட்டினாலும் மேய்ச்சலாலும் சுருங்கிவருகிறது. மெதுவாக வளரும் அம்மரங்களின் இளங்கன்றுகளை ஆடுகள் மேய்ந்துவிட்டால், வெட்டிய இடத்தில் காடு மீண்டும் எழுவதில்லை.